கணினிகளுக்கு வீட்டு எண் தருவது யார்?



சுங்காய், பீடோர், சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பொழுது விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுவார்; கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். இன்னாருக்கு இன்ன நிரை என்று கணக்கிருக்கும். ஒருவர் வரவில்லையென்றால் அவருடைய நிரை அன்றைக்கு வேறொருவருக்குப் போகும். மறுநாள் அவர் வந்தால் திரும்பக் கிடைக்கும். ஒரே நிரைக்கு இரண்டு பேரை அனுப்பிவிட்டால் காட்டுக்குள் தகராறுதான். யாரையும் அனுப்பாவிட்டால் அன்றைய பால் போயிற்று. ஆகவே அந்தப் பதிவேடு சரியாக இருக்க வேண்டியது எல்லாருக்குமே முக்கியமாக இருந்தது.

இன்று நான் பேசப்போவது கணினிகளைப் பற்றி. ஆனால் விஷயம் ஏறக்குறைய இதே பெரட்டு விஷயந்தான். கணினி நமக்குத் தூரமான சமாச்சாரம் என்று யாரும் வானொலியை மூடிவிட வேண்டாம். ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், கூலாய் யங் தோட்டம் என்ற எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பெரிய நிறுவனம் விலை பேசியது. அங்கே இப்போது தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. தரவு மையம் என்றால் ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கிவைத்து, இரவு பகலாகக் குளிரூட்டி, உலகத்தாருக்கு வாடகைக்கு விடும் கட்டடம். நம் முன்னோர் மரம் நட்ட மண்ணிலேயே இந்தப் புதுத் தொழில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு கணினி இன்னொரு கணினியோடு பேச வேண்டுமானால் இரண்டுக்கும் முகவரி வேண்டும். முகவரி இல்லாத வீட்டுக்குத் தபால்காரர் எப்படிப் போவார்? இந்தக் கணினி முகவரிக்கு ஐபி முகவரி என்று பெயர். நான்கு எண்களைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதுவார்கள். 192.168.1.20 என்பது ஓர் எடுத்துக்காட்டு. இதைத் தவிர, கணினியின் இணைப்புக் கருவியிலேயே தொழிற்சாலையில் பதித்த எண் ஒன்றும் உண்டு. அதை மேக் எண் என்பார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேக் எண் நம் அடையாளக் கார்டு எண்ணைப் போன்றது, ஆளோடு போவது. ஐபி முகவரி நம் வீட்டு எண்ணைப் போன்றது. இடம் மாறினால் மாறுவது.

தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் இந்த முகவரியை ஆளே உட்கார்ந்து எழுதினார். அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்ற அறிஞர் இணையத்தின் எண் பட்டியல்களைப் பல ஆண்டுகள் தாமே பராமரித்துவந்தார். கணினிகள் கொஞ்சமாக இருந்தவரையில் அது நடந்தது. ஓர் அலுவலகத்தில் இருநூறு கணினிகள் என்று ஆனபோது, இருநூறு இடத்திலும் கையால் எழுதி, ஒன்றுகூட இரட்டிக்காமல் பார்த்துக்கொள்வது ஆகாத காரியமாயிற்று. ஆகவே 1993ஆம் ஆண்டு ரால்ஃப் டிராம்ஸ் என்பவர் எழுதிய விதிமுறையாக டிஎச்சிபி என்ற ஏற்பாடு வெளிவந்தது. 1997இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. இன்றளவும் உலகம் அதைத்தான் பயன்படுத்துகிறது.

அது எப்படி வேலை செய்கிறது? புதிதாக ஒரு கணினி விழித்துக்கொள்கிறது. அதற்கு முகவரி இல்லை, யாரையும் தெரியாது. ஆகவே அது எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது: “இங்கே எண் கொடுப்பவர் யார்?” எண் கொடுக்கும் கணினி பதில் சொல்கிறது: “நான்தான். இந்த எண் காலியாக இருக்கிறது, வேண்டுமா?” புதிய கணினி, “அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறது. மற்றது, “சரி, பதிந்துவிட்டேன். இத்தனை மணி நேரத்துக்கு இது உன்னுடையது” என்று முடிக்கிறது. நான்கே பேச்சு. எண்ணோடு சேர்த்து, வெளியுலகுக்குப் போகும் வாசல் எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறது.

“இத்தனை மணி நேரத்துக்கு” என்றேன் அல்லவா? அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். முகவரி தானமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குக் கிடைக்கிறது. குத்தகையின் பாதிக் காலம் கழிந்ததும் கணினி தானாகவே போய், “நான் இன்னும் இருக்கிறேன், நீட்டிக்கொடுங்கள்” என்று கேட்கும். கேட்காமலே காலம் முடிந்தால், அந்த எண் வேறொருவருக்குப் போகும். வராத ஆளின் நிரையை மண்டோர் மாற்றிக் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் வைஃபை பெட்டி இருந்தால், உங்கள் கைப்பேசிக்கு அது செய்வதும் இதையேதான்.

இனி, மெய்நிகர் கணினி என்ற ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே கூரை, நடுவே தடுப்புச் சுவர்கள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் தனிக் குடும்பம், தனி அடுப்பு, தனிக் கதவு. அதேபோல ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் தடுப்புகள் எழுப்பி, பத்து இருபது கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல் நடத்தலாம். உள்ளே வேலை செய்பவருக்கு அது முழுக் கணினியாகவே தோன்றும். ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே இத்தகைய ஏற்பாட்டை விற்பனைக்கு அறிவித்தது. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் போன்ற நிறுவனங்கள் அதைச் சாதாரணக் கணினிகளுக்கும் கொண்டுவந்தன. இன்று தரவு மையங்களில் வாடகைக்குப் போகிறவற்றில் பெரும்பாலானவை இத்தகைய மெய்நிகர் கணினிகளே.

லயத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. லயம் கட்ட மாதக்கணக்காகும். மெய்நிகர் கணினியோ ஒரு நிமிடத்தில் எழும். வேலை முடிந்ததும் மறையும். காலையில் நூறு எழுந்து, மாலையில் நூறும் இல்லாமல் போகலாம். இவற்றுக்குக் கையால் முகவரி எழுத யாரால் முடியும்? தானியங்கி முறை இங்கே கட்டாயமாகிறது. ஆனால் தானாக நடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டால் மூன்று இடங்களில் இடறும்.

முதலாவது, நகல். மெய்நிகர் கணினி என்பது உண்மையில் ஒரு கோப்புதான். ஆகவே ஒன்றைப் பல பிரதிகள் எடுப்பது எளிது. பிரதி எடுக்கும்போது மேக் எண்ணையும் சேர்த்துப் பிரதி எடுத்துவிட்டால், ஒரே அடையாளக் கார்டோடு இரண்டு ஆட்கள் வந்து நிற்பதுபோல் ஆகிவிடும். எண் கொடுக்கும் கணினி இரண்டையும் ஒருவர் என்றே எண்ணி, ஒரே முகவரியைக் கொடுக்கும். பிறகு கடிதம் ஒரு நேரம் இங்கே போகும், ஒரு நேரம் அங்கே போகும். ஆகையால் பிரதி எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதிய மேக் எண் பிறக்கும்படி செய்ய வேண்டும்.

இரண்டாவது, குத்தகைக் காலம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மிடம் 254 முகவரிகள் உள்ளன. மணிக்கு 20 மெய்நிகர் கணினிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் வாழ்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் மறைகிறது. குத்தகை 24 மணி நேரம் என்று வைத்துவிட்டால், மறைந்தவற்றின் முகவரிகளும் மறுநாள் வரை பூட்டியே கிடக்கும். 12 மணி நேரத்தில் 240 முகவரிகள் போய்விடும். 13ஆம் மணி நேரத்தில் முகவரியே இல்லை என்ற நிலை வரும். அந்த வேளையில் உயிரோடு இருப்பவை வெறும் 20தான்! குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைத்தால், எந்த நேரத்திலும் ஏறக்குறைய 40 முகவரிகளே பிடிபட்டிருக்கும். ஆள் போய்விட்ட பிறகும் வீட்டைப் பூட்டி வைத்திருப்பதால் வந்த பஞ்சம் அது.

மூன்றாவது, இரண்டு கிராணிகள். ஒரே பெரட்டில் இருவர் தனித்தனிப் பதிவேடு வைத்துக்கொண்டு நிரை பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? யாரோ ஒருவர் விவரம் அறியாமல் ஒரு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து அலுவலக இணைப்பில் செருகிவிட்டால் அதுதான் நடக்கும். அதுவும் தன் பங்குக்கு எண் கொடுக்கத் தொடங்கிவிடும். பாதிக் கணினிகள் தவறான வாசலைத் தேடிப் போகும். எங்கே பிழை என்று கண்டுபிடிக்க ஒரு நாள் முழுதும் ஆகலாம்.

இவற்றுக்கெல்லாம் தரவு மையங்கள் கண்ட பரிகாரம், பதிவேட்டை ஓரிடத்தில் வைப்பது. மெய்நிகர் கணினிகளைப் பிறப்பிக்கும் மேலாண்மை மென்பொருளே முதலில் பதிவேட்டைத் திறந்து, காலி எண் ஒன்றைப் பிடித்து, இன்ன மேக் எண்ணுக்கு இன்ன முகவரி என்று எழுதிவிடுகிறது. அதன் பிறகே கணினி பிறக்கிறது. அது விழித்து, “எண் கொடுப்பவர் யார்?” என்று கேட்கும்போது விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அது மறையும்போது, குத்தகை முடியும்வரை காத்திராமல், அதே மென்பொருள் அந்த வரியை அழித்துவிடுகிறது. 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் என்ற பொது மென்பொருள் இந்த வகையில் வேலை செய்கிறது. எல்லாரும் தேடிவரும் முக்கியக் கணினிகளுக்கு மட்டும் மாறாத முகவரியை ஒதுக்கி வைப்பார்கள்.

பெற்றோர்களே, இதைக் கற்றுக்கொள்ள தரவு மையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டிலுள்ள ஒரு சாதாரணக் கணினியில் இரண்டு மெய்நிகர் கணினிகளை உண்டாக்கி, அவற்றுக்கு முகவரி எப்படிக் கிடைக்கிறதென்று பிள்ளைகள் பார்க்கலாம். இயல்பான அமைப்பில் இரண்டுக்குமே 10.0.2.15 என்ற ஒரே முகவரி கிடைக்கும். ஆனாலும் சண்டை வராது. ஏன் வராது என்று உங்கள் மகனையோ மகளையோ கேளுங்கள். ஒவ்வொன்றும் தனி வேலிக்குள் இருக்கிறது என்ற விடையைச் சொல்லிவிட்டால் பாடத்தில் பாதி வந்துவிட்டது என்று பொருள்.

கடைசியாக ஒன்று. இது கணினியைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் நம் மக்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் குடிபெயர்ந்தார்கள். பலருடைய மைகார்டில் இன்னும் பழைய தோட்டத்து முகவரியே இருக்கிறது. லயம் இடிந்து செம்பனை முளைத்துவிட்டது. கார்டில் மட்டும் லயம் நிற்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயது நிரம்பியவர்கள் தானாகவே வாக்காளராகப் பதிவு பெறுகிறார்கள். எந்தத் தொகுதியில்? மைகார்டில் எந்த முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில். சுங்காயை விட்டுப் போய்ப் பதினைந்து ஆண்டு ஆன குடும்பத்துப் பிள்ளைக்கும், கார்டில் 35600 சுங்காய் என்றிருந்தால், ஓட்டு இங்கேதான். வேலையை விட்டுவிட்டு அத்தனை தூரம் பயணம் செய்ய முடியாமல் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்! தானியங்கி முறை பதிவேட்டில் இருப்பதைத்தான் நம்பும். அதற்கு நம்மைத் தெரியாது.

ஆகவே வீடு மாறியவர்கள் தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்று முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்கு அது மட்டும் போதாது. தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் ஒரு நாள் ஒதுக்கி அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.

உயிரில்லாத கணினிகூட, குத்தகை முடியுமுன் போய், “நான் இன்னும் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வருகிறது. நாமும் போய்ச் சொல்ல வேண்டாமா?