அரசர் கண்ட நாடகங்களும் அழிந்துபோன ஏடுகளும்



தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்றிலே ஒரு நாடகத்தின் பெயர் இருக்கின்றது. அதனை ஆடியவனின் பெயரும், ஆடியதற்காக அவனுக்கு அளக்கப்பட்ட நெல்லின் கணக்கும் இருக்கின்றன. ஆனால் அந்நாடகத்தின் ஒரு பாட்டோ ஓர் உரையாடலோ இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அந்த நாடகம் ஏன் அழிந்தது, கணக்கு மாத்திரம் ஏன் எஞ்சியது என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த அப்பெருங்கோயில் 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. அவன் பேரனாகிய இரண்டாம் இராசேந்திரன் தன் ஆட்சியின் ஆறாம் ஆண்டில், அதாவது 1057ஆம் ஆண்டையொட்டி, ஓர் ஆணை பிறப்பித்தான். திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் சாந்திக்கூத்தன் வைகாசிப் பெருந்திருவிழாவில் ‘இராசராசேசுவர நாடகம்’ ஆடவேண்டும் என்பதும், அதற்காக நாளொன்றுக்கு ஒரு தூணி நெல் அவனுக்கு அளக்கப்படவேண்டும் என்பதும் அவ்வாணை. மூன்று தூணி கொண்டது ஒரு கலம். ஆகவே ஆண்டுக்கு 120 கலம் நெல் கோயிற் பண்டாரத்திலிருந்து அவனுக்கும் அவன் வழிவந்தோர்க்கும் உரியதாயிற்று. அக்கூத்தனுக்கு விசயராசேந்திர ஆசாரியன் என்னும் பட்டமும் இருந்தது. அது இராசராச மன்னனின் வரலாற்றைக் கூறிய நாடகம் என்று அறிஞர் சிலர் கருதுவர்; அக்கோயிலில் எழுந்தருளிய இறைவனைப் பற்றியது என்பர் வேறு சிலர். நாடகப் பிரதி ஒன்று இருந்திருப்பின் இந்த வாதத்துக்கே இடமிராது.

அதே கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று, ஆடற்பணிக்கென அமர்த்தப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும் அவர்கள் குடியிருந்த வீதிகளையும் ஒவ்வொன்றாகக் குறிக்கின்றது. ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். வீட்டு வரிசையைக்கூட விடாது பொறித்த அந்த எழுத்தர்கள், அப்பெண்கள் எதனைப் பாடி ஆடினார்கள் என்பதைக் கல்லில் எழுதவில்லை. அது அவர்களுடைய வேலையன்று. அவர்கள் கணக்கு எழுதுபவர்கள்.

இது தஞ்சைக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. முதலாங் குலோத்துங்கன் காலத்திலே திருப்பாதிரிப்புலியூரில் ‘பூம்புலியூர் நாடகம்’ என ஒன்று இயற்றப்பட்டது. அதனை இயற்றிய புலவருக்கு நிலம் வழங்கப்பட்ட செய்தி கல்லில் இருக்கின்றது, நாடகம் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய கூத்திலக்கண நூல்கள் தம் காலத்திலேயே முழுமையாகக் கிடைக்காமற் போயின என்று எழுதிச் சென்றிருக்கின்றார்.

இனி, கடல் கடந்து ஆங்கிலேயரின் அரசவையை நோக்குவோம். முதலாம் ஜேம்ஸ் மன்னனின் கேளிக்கை அலுவலகத்துக் கணக்கேடு ஒன்று இன்றும் இருக்கின்றது. 1604ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் வைற்ஹோல் அரண்மனையில் ‘ஒதெல்லோ’ நடிக்கப்பட்டது என்று அதிலே காண்கின்றோம். அடுத்த ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறன்று ‘வெனிஸ் நகர வணிகன்’ நடந்தது. செவ்வாயன்று மன்னனின் கட்டளையால் அதே நாடகம் மறுபடியும் நடந்தது. இடையிலே வந்த திங்கட்கிழமை ‘ஸ்பானியச் சுழல்வழி’ என்னும் பொருள்படும் தலைப்புடைய ஓர் அவல நாடகம் நடந்தது. முன்னும் பின்னும் நடந்ததை உலகமெங்கும் மாணவர் படிக்கின்றனர். நடுவில் நடந்தது அடியோடு மறைந்துவிட்டது.

1613ஆம் ஆண்டில் ‘கார்டீனியோ’ என்னும் நாடகம் அரசவையில் நடிக்கப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், சவோய் நாட்டுத் தூதுவருக்காக அது மீண்டும் மேடையேறியது. அதற்காக ஜோன் ஹெமிங்ஸ் என்னும் நடிகர் பெற்றுக்கொண்ட 6 பவுண் 13 சில்லிங் 4 பென்சுக்கும் கணக்கு உண்டு. ஷேக்ஸ்பியரும் பிளெச்சரும் சேர்ந்து இயற்றியது அந்நாடகம் என 1653ஆம் ஆண்டுப் பதிவொன்று கூறும். அதுவும் இன்று இல்லை.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? பகைவரும் நெருப்பும் கறையானும் ஒரு காரணம். ஆனால் அவை மாத்திரம் காரணமல்ல. நாடகப் பிரதியானது படிப்பதற்குரிய நூல் என்று அக்காலத்தில் எண்ணப்படவில்லை. அது நடிகரின் கைக்கருவி. ஆங்கில நாட்டில் அது நாடகக் குழுவின் பெட்டியிலே கிடந்தது. தமிழ்நாட்டில் அது கூத்தனின் குடும்பத்திலே, ஏட்டிலும் நாவிலுமாக வாழ்ந்தது. ஓலை ஏட்டைச் சில தலைமுறைக்கு ஒருமுறை பெயர்த்து எழுதாவிடில் அது உதிர்ந்துபோகும். பெயர்த்து எழுதுவதற்கு மனம் வேண்டும். உண்பதற்குச் சோறும் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சோழராட்சி முடிந்தது. நெல் அளப்பார் இல்லாதவிடத்துக் கூத்தன் குடும்பம் வேறு தொழிலை நாடுமேயன்றி ஏட்டைப் பெயர்த்துக்கொண்டிராது. மன்னன் கலைஞனைப் போற்றினான். அவன் கலையைக் காக்கும் வழியை வகுக்கவில்லை.

கார்டீனியோவுக்குப் பணம் பெற்ற ஹெமிங்ஸைச் சற்று முன்னர் குறிப்பிட்டேன். பத்தாண்டு கழித்து, 1623இல், அவரும் ஹென்றி கொண்டெல் என்னும் நடிகரும் தம் நண்பராகிய ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களைத் திரட்டிப் பெருநூலாக வெளியிட்டனர். அவற்றுள் ஏறக்குறையப் பாதி அதற்கு முன்னர் அச்சேறாதவை. ‘மக்பெத்’தும் ‘ஜூலியஸ் சீச’ரும் அவ்வாறு பிழைத்தவையே. அத்தொகுதியில் இடம்பெறாத கார்டீனியோ மறைந்தது. அரசவை கூலி கொடுத்தது. நாடகங்களைக் காத்தவர்கள் உடன் நடித்த தோழர்கள்.

நம் நாட்டிலும் அத்தகைய தோழர்கள் தோன்றினர். மறைந்த நாடகத் தமிழை எண்ணி வருந்திய விபுலாநந்த அடிகள், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் துணைக்கொண்டு ‘மதங்க சூளாமணி’யை 1926இல் வெளியிட்டார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் அண்ணாவிமாரின் கைகளில் இருந்த கூத்துப் பிரதிகளைத் தேடிப் பெற்று, ‘அலங்கார ரூபன்’ நாடகத்தை 1962இலும் ‘என்றிக் எம்பரதோர்’ நாடகத்தை 1964இலும் பதிப்பித்தார். அண்ணாவியார் வீட்டுப் பரணில் மழைக்கு நனைந்துகொண்டிருக்கும் கொப்பி ஒன்றுக்கு இதனினும் பெரிய பேறு வேறென்ன? அச்சேறிப் பல கைகளுக்குச் சென்ற நூல் ஓரிடத்தில் எரிந்தாலும் மற்றோரிடத்தில் வாழும். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களுட் பலவற்றை மறுபடியும் தேடிப் பெற முடிந்தது. வேறு படியில்லாத ஏட்டுச் சுவடிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இவையெல்லாம் மன்னர்களையும் பேராசிரியர்களையும் பற்றிய செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ தமிழ் நாடகங்கள் மேடையேறின. பாடசாலை விழாக்களுக்கென ஆசிரியர்கள் ஆண்டுதோறும் எழுதிய நாடகங்களுக்கு அளவேயில்லை. அதிபர் என்னும் முறையில் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டும் வாய்ப்பு எனக்கு உண்டு. திரைச்சீலை வாடகை, ஒப்பனைச் செலவு, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி என்று எல்லாம் சதக் கணக்கோடு அங்கே எழுதப்பட்டிருக்கும். நாடகப் பிரதியைத் தேடினால் அலுமாரியில் அது இராது. தஞ்சைக் கல்வெட்டின் கதை பாமன்கடை வீதிகளிலும் நடந்துகொண்டுதான் இருக்கின்றது.

ஆதலால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தந்தையாரோ பாட்டனாரோ நடித்த நாடகத்தின் கொப்பி இருக்குமாயின், அதனைப் பழங்கடதாசிக்காரரிடம் போடுவதற்கு முன்னர் ஒரு முறை திறந்து பாருங்கள். படியெடுத்து ஒன்றை நூலகத்துக்கும் ஒன்றைப் பாடசாலைக்கும் கொடுங்கள். பாட்டுக்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர் இருந்தால், அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இதற்கு அரச ஆணை வேண்டியதில்லை. 120 கலம் நெல்லும் வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாளின் பிற்பகல் போதும்.