பட்டம் ஏற்றும் பிள்ளையின் கண்

வாடைக்காற்று வீசத் தொடங்கினால் யாழ்ப்பாணத்து வெளிகளில் பட்டங்கள் ஏறிவிடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்கப் பல ஊர்ச் சனமும் திரளும்.

இந்தப் பொழுதுபோக்கு கண்ணுக்கும் நல்லது. வளரும் பிள்ளையின் கண்விழி அளவுக்கு மிஞ்சி நீண்டால் கிட்டப்பார்வை வரும். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமீன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து அந்த நீட்சியைக் குறைக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். முடிவு 2015இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில், வழமைபோல் படித்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது; வெளியே போனவர்களில் 30 பேருக்கே வந்தது.

எங்கள் பிள்ளைகளின் பின்னேரம் ரியூசனிலும் கைத்தொலைபேசியிலும் கரைகிறது. ஒரு மணி நேரமாவது அவர்களை வெளியே விடுங்கள். நீரிழிவுக்கு நடக்க வேண்டிய அப்பப்பாவும் கூடப் போகலாம். பட்டம் ஏற்ற மின்கம்பி இல்லாத வெளியாகப் பாருங்கள். சூரியனை நேரே பார்க்க விடாதீர்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால், தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். வந்த கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டும்; வராமல் காக்க வெளிச்சம் உதவும்.