புட்டும் கடலையும் பலாக்காய் மாவும்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடம் அமைந்துள்ள ஜூ டவுன் பகுதி, மிளகு, ஏலக்காய், பட்டை முதலிய நறுமணச் சரக்குகளின் வணிகத்திற்குப் பெயர்பெற்றது. எனினும் இரண்டாம் வகை நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்ட ஓர் இளைஞர் சர்க்கரையைக் குறைக்கும் என நம்பி அங்கே வாங்கும் பட்டையைக் காட்டிலும், காலையில் உண்ணும் புட்டின் அளவே அவருடைய இரத்தச் சர்க்கரையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் சர்க்கரை எந்த அளவுக்கு ஒட்டியுள்ளது என்பதைக் கொண்டு, ஏறத்தாழ மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை மதிப்பிடும் சோதனை எச்பிஏ1சி எனப்படும். அது 6.5 விழுக்காட்டை எட்டினால் நீரிழிவு எனக் கொள்ளப்படுகிறது. புட்டைக் குறைத்துக் கொண்டைக்கடலைக் கறியைக் கூட்டினால், கடலையின் புரதமும் நார்ச்சத்தும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கின்றன. பழத்தையும் பப்படத்தையும் புட்டோடு பிசைந்து உண்ணும் வழக்கம், சுவையானதே என்றாலும், இதற்கு நேர்மாறாகச் செயல்படும்.

2018இல் கேரளத்தின் மாநிலப் பழமாக அறிவிக்கப்பட்ட பலாவும் இங்குக் கருதத்தக்கது. பழுத்த சுளை இனிப்பு மிக்கது. ஆனால் பழுக்காத காயின் மாவை நாளொன்றுக்கு 30 கிராம் அளவில், அரிசி அல்லது கோதுமை மாவுக்கு மாற்றாகப் பன்னிரண்டு வாரங்கள் உண்டவர்களிடம் எச்பிஏ1சி குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நாற்பது பேரை மட்டுமே கொண்ட சிற்றாய்வு அது என்பதும், மாவு கூடுதலாக அன்றி மாற்றாகவே உண்ணப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடுமாதலால், மருந்தின் அளவை மருத்துவர் முன்னதாகவே திருத்தியமைத்தல் வேண்டும்.