பிறர் அமைதி சான்றாகாது

ஆபத்து நேரும்போது மனிதர் தம் கண்களைவிட அருகில் இருப்பவரின் முகத்தையே பெரிதும் நம்புகின்றனர் என்பதை, பிப் லத்தானே, ஜான் டார்லி என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது.

கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் வினாத்தாளை நிரப்பிக்கொண்டிருந்த அறைக்குள், சுவரிலிருந்த ஒரு திறப்பின் வழியே புகை செலுத்தப்பட்டது. தனியாக அமர்ந்திருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுந்து சென்று அதைத் தெரிவித்தனர். ஆனால், புகையைப் பொருட்படுத்தாமல் இருக்குமாறு முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு அமர்ந்தவர்களில் பத்தில் ஒருவரே தெரிவித்தார்.

பிறர் பதறாததைக் கண்டு ஆபத்து இல்லை என்று ஒவ்வொருவரும் முடிவு செய்வதும், எல்லோரும் இருப்பதால் எவரேனும் செய்வார் என்று எண்ணுவதும் இத்தயக்கத்தை வளர்க்கின்றன. இவற்றுள் பின்னதையே உளவியலாளர் பொறுப்புச் சிதறல் என்பர்.

பேருந்து நிலையத்தில் ஒருவர் மயங்கி விழும்போது சுற்றி நிற்போர் அசையாமல் இருப்பது பெரும்பாலும் இரக்கமின்மையால் அன்று. ஒருவர் மற்றவரைப் பார்த்து நிற்பதாலேயே ஆகும். அவ்வேளையில் கூட்டத்தைப் பொதுவாக அழைப்பதைவிட, "நீல நிறச் சட்டைக்காரரே, 108-க்கு அழையுங்கள்" என ஒருவரைச் சுட்டிக் கேட்பதே பயன் தரும்.

பிறர் அமைதி, ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. முதலில் அசைபவர் ஒருவர் இருந்தால், மற்றவர்களும் அசைவார்கள்.