அகழ்வும் அடிநீரும்



மொழி மன்றத்தின் மேடையில் மண்ணையும் நீரையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஜொகூர் பாருவில் வாழும் நமக்கு இஃது அயலான பொருளன்று. புக்கிட் சாகாரிலிருந்து நீரிணையைக் கடந்து செல்லும் இரயில் தடம், அக்கரையில் நிலத்துக்கடியில் அமைந்த உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்தைச் சேர்வதாகும். அத்தகைய நிலையங்களுக்குத் தோண்டும் குழிகளில் தமிழர்களும் உழைக்கின்றனர்.

ஆழமான குழியை ஒரே மூச்சில் தோண்டிவிட இயலாது. முதலில் இருபுறமும் கற்காரைச் சுவரை நிலத்துள் அமைப்பர். பின்னர்ச் சில மீட்டர் தோண்டி, எஃகு முட்டுக் கொடுத்து, மீண்டும் தோண்டுவர். இதுவே படிநிலை அகழ்வு. ஒவ்வொரு படியிலும் குழிக்குள் நீர்மட்டம் தாழ்கிறது; வெளியே அஃது உயரத்திலேயே நிற்கிறது. 10 மீட்டர் ஆழமுள்ள நீர், தன் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் பாரத்தை ஏற்றுகிறது. ஆகவே கணினியில் ஒவ்வொரு படியையும் ஆராயும்போது நீரின் நிலையையும் கூறியாக வேண்டும்.

மணலில் நீர் விரைந்து நகரும். சுவரின் அடியைச் சுற்றி வந்து குழிக்குள் மேலெழும். களிமண்ணிலோ நீர் வெளியேறப் பல மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும். முன்னதை ‘வடிந்த நிலை’ என்றும், பின்னதை ‘வடியா நிலை’ என்றும் கூறலாம். மண்ணின் வலிமை அதன் மணிகள் ஒன்றையொன்று அழுத்துவதால் பிறப்பது. இடையிலுள்ள நீரின் அழுத்தம் மிகுந்தால் அவ்வலிமை குன்றும். நவீன மண்ணியக்கவியலுக்கு அடித்தளமிட்ட கார்ல் தெர்சாகி நிறுவிய கோட்பாடு இதுவே.

இவ்வேறுபாட்டின் விலையைச் சிங்கப்பூர் 2004 ஏப்ரல் 20ஆம் நாள் கண்டது. வட்டப் பாதை இரயிலுக்காக நிக்கல் நெடுஞ்சாலையருகே கடற்களிமண்ணில் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் தோண்டியிருந்த குழி இடிந்தது. நெடுஞ்சாலையும் உடன் சரிந்தது. நால்வர் உயிரிழந்தனர்.

விசாரணைக் குழு கண்ட முதன்மைக் குறைகள் இரண்டு. முட்டுக்கும் நெடுவிட்டத்துக்கும் இடையிலான இணைப்பு வலுக்குறைவாக வடிவமைக்கப்பட்டிருந்தது. கணினி ஆய்விலோ, வடியா நிலையிலுள்ள களிமண்ணுக்கு வடிந்த நிலைக்குரிய வலிமை எண்கள் இடப்பட்டிருந்தன. மென்களி நெரிபடும்போது சுருங்க முயலும். நீர் வெளியேற வழியின்மையால் நீரழுத்தம் உயரும். எளிய அம்மாதிரி இதனைக் காணவில்லை. அதனால் மண்ணின் வலிமை மிகையாகவும், சுவரின் வளைவு குறைவாகவும் தோன்றின. களத்தில் சுவர் கணிப்பை மீறி வளைந்தபோதும் பணி தொடர்ந்தது.

கணினி, நாம் கூறிய நிலத்தையே கணக்கிடும். காலடியில் உள்ள நிலத்தை அறியாது. எனவே ஒவ்வொரு படியிலும் நீரழுத்தத்தையும் சுவரின் நகர்வையும் அளந்து, கணிப்போடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பிணங்கினால், தோண்டுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

‘வடிந்த’, ‘வடியா’ என்னும் இரு சொற்களுக்கிடையே ஓரிரு எழுத்தளவே வேறுபாடு போலத் தோன்றலாம். குழிக்குள் நிற்பவனுக்கு அவ்வேறுபாடு உயிரளவு. அதனை அவனுக்கும் விளங்கும் தமிழில் உரைப்பது மொழி மன்றங்களின் கடனுமாகும்.