நிலாவைப் பார்க்கிறதா குழந்தை?

சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கன் மேல் ஒட்டக்கூத்தர் பிள்ளைத்தமிழ் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். அந்த இலக்கிய வகையே ஒரு வளர்ச்சி அட்டவணை மாதிரிதான். ஐந்தாம் மாதம் செங்கீரை: குழந்தை கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும். ஒன்பதாம் மாதம் சப்பாணி: கை தட்டும். ஒரு வயதை ஒட்டித் தளர்நடை.

திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991-இல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். இரண்டு வயது வரைக்குமான 17 செயல்கள், ஒவ்வொன்றும் அதற்குரிய வயதைக் காட்டும் ஒரு பட்டையாக. குழந்தையின் வயதுக்கு நேரே பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். அதற்கு இடப்பக்கமே பட்டை முடிந்துவிட்ட செயல் எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லையென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான், அங்கன்வாடிப் பணியாளரே பார்த்துவிடலாம்.

நடை மட்டும் போதாது. பிள்ளைத்தமிழில் அம்புலி என்று ஒரு பருவம் உண்டே! "அதோ பாரு நிலா" என்று கை நீட்டினால், குழந்தை நிலாவைப் பார்த்துவிட்டு நம் முகத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதாகியும் அப்படிப் பார்க்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால், முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துவிடுங்கள். "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வாள். பாசத்தில் சொல்வதுதான், அதை நம்பி ஒரு வருஷத்தைப் போக்கிவிடாதீர்கள்.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வர வேண்டும். தஞ்சைப் பக்கம் குறுவை நடவு நேரமென்றால் அம்மா விடிவதற்குள் வயலுக்குப் போயிருப்பாள். குழந்தை என்னென்ன செய்கிறது என்று டாக்டர் கேட்பது அவளிடம்தான். அதனால் அன்று அவள் உடன் இருக்கும்படி, குழு வருகிற தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.