கருவுற்ற தொடக்க வாரங்களும் கட்டிலருகு ஸ்கேனும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்க மேடையில் வயிற்று வலியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். உடலைப் பற்றிய அறிவும் கல்வியே ஆகும்.

பெண்ணொருத்திக்கு மாதவிலக்கு தள்ளிப்போய், ஆறாவது, ஏழாவது வாரத்தில் அடிவயிறு வலிக்கிறது. சிறிது இரத்தமும் படுகிறது. வீட்டார் உடற்சூடு என்று வெந்தயம் கொடுப்பர். பலருக்கு ஆபத்தின்றிப் போய்விடும் என்பதும் உண்மையே. ஆயினும் நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் கரு கருப்பைக்கு வெளியே தங்கிவிடுகிறது, பெரும்பாலும் கருக்குழாயில். அக்குழாய் கருப்பையைப்போல் விரிந்துகொடுக்கும் உறுப்பன்று. அது வெடித்தால், வெளியே சில சொட்டே தெரியும். உள்ளேயோ லிட்டர் கணக்கில் இரத்தம் தேங்கும். அவ்விரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும், மயக்கமும் வரும்.

இவ்விடத்தில்தான் ஒலியலைக் கருவி துணை நிற்கிறது. 1958-இல் கிளாஸ்கோ நகரின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் தோழர்களும் இதைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினர். அன்றைய பெருங்கருவி இன்று சக்கரத்தில் உருண்டு அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலருகே வந்துவிட்டது. நாடி தளர்ந்த பெண்ணைத் தொலைவிலுள்ள ஸ்கேன் அறைக்குத் தள்ளிச் செல்ல வேண்டியதில்லை.

மருத்துவர் அதனிடம் கேட்பவை இரண்டே வினாக்கள். கரு கருப்பைக்குள் இருக்கிறதா? வயிற்றில் இரத்தம் தேங்கியுள்ளதா? வலப்பக்கத்தில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே கரும்பட்டை தெரிந்தால், அங்கே நீர்மம் தேங்கியுள்ளது என்று பொருள். குழாய்க் கர்ப்பம் என்று ஐயுறப்படும் பெண்ணிடம் அதைக் கண்டால் மகப்பேறு மருத்துவரையும் இரத்தத்தையும் உடனே வரவழைத்து, அறுவை அரங்கை ஆயத்தம் செய்வர். இக்கருவியை வயிற்றில் வைத்தே பார்க்க இயலும். எட்ட நின்று நோய் கேட்கப்பட்ட நம் தாய்மாருக்கு இதன் பொருள் விளங்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை” என்பது “ஒன்றுமில்லை” என்பதாகாது. பிறப்புறுப்பின் வழியே பார்த்தால் ஏறக்குறைய ஐந்தாவது வாரத்தில் கருப்பையில் பை தெரியும். ஆறாவது வாரத்தில் இதயத் துடிப்பு தெரியும். வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு வாரம் பிந்தும். கருப்பை வெறுமையாகத் தோன்றினால் நாள் போதாமல் இருக்கலாம், கரு கலைந்திருக்கலாம், வேறிடத்தில் தங்கியும் இருக்கலாம். ஆகவேதான் இரண்டு நாள் கழித்து இரத்தப் பரிசோதனைக்கும் மறு ஸ்கேனுக்கும் வரச் சொல்கிறார்கள். வலி தணிந்தது என்று அந்நாளைத் தவற விடுவோர் உளர். கூலி போய்விடும் என்று தயங்குவோரும் உளர்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவளுக்குக் கர்ப்பம் வராது என்பது அது. அரிதாக வரும், அவ்வாறு வரும் கர்ப்பம் குழாயில் தங்கும் வாய்ப்பு மிகுதி. எனவே நாள் தள்ளிப்போனால் அவளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மணமாகாத பெண்ணாயின் மருத்துவரிடம் தனியே பேச இடம் கொடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை கேட்பது அவளை ஐயுறுவதற்காக அன்று.

எல்லா மருத்துவமனையிலும் இவ்வசதி இருக்கும் என்று எண்ண வேண்டாம். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவி பதிவு பெற்றிருக்க வேண்டும். இயக்குபவர் உரிய தகுதி பெற்றிருக்க வேண்டும். கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எழுத வேண்டும். இதை இடையூறு என்பார் சிலர். பெண் சிசுக்களை இழந்த நாட்டில் அதை நான் இடையூறாகக் கருதவில்லை. தகுதி பெற்றவர் தொகை பெருகுவதே வழி. இங்கே அமர்ந்திருக்கும் மாணவியர் சிலர் அப்பயிற்சிக்கு வரலாம்.

வலியும் இரத்தப்போக்கும் மயக்கமும் கண்டால் 108-ஐ அழையுங்கள். கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் வந்தது, முன்பு குழாய்க் கர்ப்பம் உண்டா, என்ன இரத்த வகை என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் அனுப்புங்கள். ‘ஆர்.எச். நெகட்டிவ்’ ஆயின் தனி ஊசி தேவைப்படலாம்.